பிரான்ஸ் போக லோனா? கம்பம் திராட்சைப் பந்தலுக்குக் கீழ உட்கார்ந்து போட்ட கணக்கு

போன மாசம் நம்ம கேளம்பாக்கம் ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தார். சிறுசேரியில வேலை, கல்யாணமாகி ஒன்றரை வருஷம். கையில லேப்டாப், லேப்டாப்ல ஒரு எக்ஸெல் ஷீட். "அக்கா, ஒரே ஒரு கையெழுத்து மாதிரி உங்க ஓகே வேணும். வர்ற ஏப்ரல்ல நானும் வொய்ஃபும் பிரான்ஸ் போறோம். பேங்க்ல இருந்து தினம் போன் வருது, பர்சனல் லோன் ப்ரீ அப்ரூவ்டாம். எடுத்துடலாம்தானே?"

இந்தக் கேள்வி எனக்கு மாசத்துக்கு ரெண்டு தடவையாவது வரும். ஊர் பேர் மட்டும் மாறும். பாலி, துபாய், சுவிஸ். இந்தத் தம்பியோட ஊர் கொஞ்சம் புதுசு. பாரிஸ்ல மூணு நாள், அதுக்கப்புறம் லுவார் ஆத்துப் பக்கம் அஞ்சு நாள்.

எனக்கும் ஆசையா இருந்தது, அதனால அவர் காட்டின படங்களை எல்லாம் பொறுமையா பார்த்தேன். ஆறு ஓரமா திராட்சைத் தோட்டம், நடுவுல ராஜா காலத்து மாளிகைகள். 2000-ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த பள்ளத்தாக்கு அது. ஆத்தங்கரையை ஒட்டி சுமார் 900 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை போட்டு வெச்சிருக்காங்க. ஷெனோன்சோனு ஒரு மாளிகை, ஷேர்ங்கற ஆத்துக்குக் குறுக்கே பாலம் மாதிரியே கட்டியிருக்காங்க (நம்ம ஷேர் மார்க்கெட் இல்லீங்க, ஆத்தோட பேரே அதுதான்). அந்த வளைவுகளுக்கு அடியில சின்னப் படகுல துடுப்பு போட்டுப் போகலாம். காலைல பலூன், சாயங்காலம் ஒயின். போகணும்னு ஆசைப்படறதுல ஒரு தப்பும் இல்லை. அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா "செலவு பண்ணாதீங்க"ன்னு சொல்றதுதான் சி.ஏ.வோட வேலைனு நிறைய பேர் நினைக்கறீங்க.

பிரச்சனை ஷீட்டோட கடைசி வரியில இருந்தது. அங்க "இஎம்ஐ"ன்னு மட்டும் போட்டு, பக்கத்துல 13,671னு இருந்தது. "மாசம் பதிமூணாயிரம்தானே அக்கா, சமாளிச்சுடலாம்."

அந்த ஒரு வரிக்குள்ள என்ன இருக்கு?

ரெண்டு பேருக்கும் பேக்கேஜ் 4 லட்சம். லோன் 14 சதவீதம், 36 மாசம். 13,671-ஐ 36-ஆல பெருக்கினா 4,92,156 வரும். அதாவது வட்டி மட்டும் 92 ஆயிரத்துச் சொச்சம். இதுக்கு மேல 2 சதவீதம் ப்ராசஸிங் ஃபீஸ், அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக இன்னொரு 9,440.

அடுத்து டிசிஎஸ். இது ஷீட்லயே இல்லை. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கும்போது, விற்கறவங்க நம்மகிட்ட டிசிஎஸ் வசூலிக்கணும். 2025-26 நிதியாண்டுல 10 லட்சம் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல 20 சதவீதம்னு இருந்தது. இதுல முதல் ரூபாய்ல இருந்தே பிடிப்பாங்க. 4 லட்சத்துக்கு 20,000. லோன் பணம் பேக்கேஜுக்கே சரியாப் போயிடுது, அப்போ இந்த 20,000 எங்கிருந்து வரும்? தம்பி கிரெடிட் கார்டைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன்.

டிசிஎஸ் ஒரு செலவு இல்லை, அது உங்க வரிக்கான முன்பணம். உங்க பான் நம்பருக்கு நேரா வந்து நிக்கும். ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம், அதிகமா இருந்தா ரீஃபண்ட். ஆனா அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். 2024 அக்டோபர்ல 12பிஏஏ-ன்னு ஒரு ஃபார்ம் வந்தது. அதுக்கான ஃபார்ம்ல இந்த டிசிஎஸ் விவரத்தை எழுதி உங்க ஹெச்ஆர்கிட்ட கொடுத்தீங்கன்னா, வர்ற மாசங்கள்ல சம்பளத்துல பிடிக்கற டிடிஎஸ்ஸை அந்த அளவுக்குக் குறைப்பாங்க. எத்தனையோ பேர் இதைத் தெரியாம ஒரு வருஷம் அந்தப் பணத்தைச் சும்மா விட்டு வெச்சிருக்காங்க. இன்னொரு விஷயம்: யார் பான்ல பில் போடறாங்களோ அவங்களுக்குத்தான் இந்தக் கழிவு. வரியே கட்டாத ஒருத்தர் பேர்ல பில் போட்டா, ரீஃபண்டுக்காக ரிட்டர்ன் போட்டுக் காத்திருக்கணும்.

விசா ஃபீஸ் ஆளுக்கு 90 யூரோ, 2024 ஜூன்ல இருந்து. விசா மறுத்தாலும் அது திரும்ப வராது. குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அங்க போய் நம்ம ஊர் கிரெடிட் கார்டைத் தேய்ச்சா, பல கார்டுகள்ல மூணு, மூணரை சதவீதம் வரைக்கும் மார்க்கப். இதெல்லாம் சேர்த்தா அந்தத் தம்பியோட "4 லட்சம்" அஞ்சரை லட்சத்தைத் தாண்டிடுச்சு. எட்டு நாளுக்கு.

அப்போதான் அவர் துருப்புச் சீட்டை எடுத்தார். "எல்டிஏ இருக்கேக்கா! நாலு வருஷமா ஒரு தடவைகூட க்ளெய்ம் பண்ணல. பாரிஸ் டிக்கெட்டை அதுல போட்டுடலாம். சரி, பாரிஸ் வேண்டாம், சென்னைல இருந்து டெல்லி வரைக்குமாவது?"

எல்டிஏவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஆகாது

எல்டிஏ வரிவிலக்கு இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான். "நடுவுல கொஞ்சம் வெளிநாடு, ஆனா கடைசியில இந்தியாவுல ஒரு ஊர்"ன்னு சுத்திப் போனாலும் கிடையாது. இதைச் சும்மா சொல்லலை. பாரத ஸ்டேட் வங்கி ஊழியர்கள் சிலர் இப்படித்தான் மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர்னு ஒரு வட்டம் அடிச்சுட்டு க்ளெய்ம் பண்ணினாங்க. வங்கியும் வரி பிடிக்காம கொடுத்துடுச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2022 நவம்பர் 4-ல தீர்ப்பு: வெளிநாட்டுக் கால் வெச்ச பயணத்துக்கு விலக்கு இல்லை, டிடிஎஸ் பிடிக்காதது வங்கியோட தப்பு. அவ்வளவு பெரிய வங்கிக்கே அந்த நிலைமைன்னா, உங்க ஹெச்ஆர் உங்க பாரிஸ் போர்டிங் பாஸை எப்படிப் பார்ப்பாங்கன்னு யோசிச்சுக்கோங்க.

ஆனா தம்பி சொன்னதுல ஒரு விஷயம் என்னை உலுக்கிடுச்சு. "நாலு வருஷமா க்ளெய்ம் பண்ணல."

எல்டிஏ நாலு காலண்டர் வருஷத்துக்கு ஒரு ப்ளாக். அப்போ ஓடினது 2022-ல இருந்து 2025 வரைக்கும். அது 2025 டிசம்பர் 31-ஓட முடிஞ்சது. ஒரு ப்ளாக்ல ரெண்டு பயணம் க்ளெய்ம் பண்ணலாம். ரெண்டையும் பண்ணலைன்னா, ஒண்ணே ஒண்ணை மட்டும் அடுத்த ப்ளாக்குக்குக் கொண்டுபோகலாம், அதையும் அதன் முதல் வருஷமான 2026-க்குள்ளேயே போய் முடிக்கணும். இன்னொண்ணு போச்சு, அவ்வளவுதான். அதனால அவருக்கு 2025 நவம்பர், டிசம்பர்ல ஒரு பயணம் போனா லாபம். 2026-ல இன்னொண்ணு போனா அதுவும் லாபம். புது ப்ளாக்கோட ரெண்டும் தனியா இருக்கும்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. இது பழைய வரிமுறையில இருக்கறவங்களுக்கு மட்டும். புது வரிமுறையில எல்டிஏ விலக்கே கிடையாது. இந்த நிதியாண்டுல உங்க சம்பளம் 12.75 லட்சம் வரைக்கும்னா, புது முறையில வரியே பூஜ்யம்தான், அப்புறம் எல்டிஏ பத்தி யோசிச்சு என்ன பண்ணப் போறீங்க? தம்பி வீட்டு லோன், மாமண்டூர்ல வாங்கின ஃப்ளாட், 80சி எல்லாம் சேர்த்து பழைய முறையில இருக்கார். அவருக்கு இது பொருந்தும். உங்களுக்குப் பொருந்துதான்னு முதல்ல உங்க சம்பள ஸ்லிப்ல எல்டிஏன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க.

"சரிக்கா, இந்தியாவுக்குள்ள ஆறு, திராட்சைத் தோட்டம், மலை எல்லாம் ஒரே இடத்துல எங்க இருக்கு?"

"தேனி மாவட்டம் போயிருக்கியா?"

இல்லையாம். சென்னைல பொறந்து வளர்ந்தவர், ஊட்டி ஆறு தடவை போயிருக்கார்.

நாங்க போனப்போ

நானும் என் கணவரும், மாமனார் மாமியாரும் இந்த வருஷம் அங்க நாலு நாள் போயிட்டு வந்தோம். செலவு, ரசீது எல்லாம் என்கிட்ட இருக்கு (தொழில் வியாதி). அதனால அதையே உதாரணமா எடுத்துக்கறேன்.

சென்னை சென்ட்ரல்ல இருந்து போடிநாயக்கனூருக்கு வாரத்துக்கு மூணு நாள் ராத்திரி ரயில் இருக்கு. மதுரை போடி மீட்டர்கேஜ் பாதையை 2010 கடைசியில மூடிட்டாங்க. அகலப்பாதையா மாத்தி, 2023 ஜூன்லதான் இந்தச் சென்னை ரயில் வந்தது. திங்கள், புதன், வெள்ளி ராத்திரி இங்கிருந்து கிளம்பும். திரும்பி வர்றது செவ்வாய், வியாழன், ஞாயிறு ராத்திரி. புக் பண்றதுக்கு முன்னாடி அட்டவணையை ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க. தேனியிலயே இறங்கிடலாம், போடி வரைக்கும் போக வேண்டாம்.

பஸ்னா கிளாம்பாக்கம். கேளம்பாக்கம் இல்லை, கிளாம்பாக்கம்! நம்ம ஊர்ப் பேரையும் அந்த பஸ் நிலையத்துப் பேரையும் குழப்பிக்கிட்டு ராத்திரி பத்து மணிக்கு இங்க வந்து நின்ன ஆட்களை நானே பார்த்திருக்கேன். ஓஎம்ஆர் ஆட்களுக்கு ஒரு வசதி, வண்டலூர் ரோட்டைப் பிடிச்சா சென்ட்ரல் போறதைவிட அது பக்கம்.

நாங்க புதன் ராத்திரி கிளம்பி வியாழன் காலைல தேனியில இறங்கி, நாலு நாளுக்கும் ஒரே வண்டி பேசிட்டோம். தேனியில இருந்து கம்பம் போற ரோட்ல சின்னமனூர், உத்தமபாளையம்னு தாண்டத் தாண்ட ரெண்டு பக்கமும் மலை நெருங்கி வரும். நடுவுல முல்லைப்பெரியாறு. வயல், வாழை, தென்னை, அப்புறம் பந்தல் போட்ட திராட்சை.

அது பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க்னு அந்த ரகத்துக்குப் பேர். இதுல ஒரு வேடிக்கை கேளுங்க. 1832-ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் இந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார்னு சொல்றாங்க. 2023-ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ இந்தக் கதையும் பத்திரிகைகள்ல வந்தது. தம்பி விமானம் ஏறிப் பார்க்க நினைச்ச ஊர்க்காரர் ஒருத்தர் கிட்டத்தட்ட 200 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம பக்கம் வந்து கொடியை நட்டுட்டுப் போயிட்டார்.

ஏறக்குறைய 2,000 ஏக்கர்ல, பெரும்பாலும் சின்ன விவசாயிகள் பண்றாங்க. மத்த இடங்கள்ல ஒரு சீசன்தான், இங்க வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்துல அறுவடை நடக்கும். ஒயினுக்கும் ஆகுற ரகம்தான், ஆனா லுவார் மாதிரி தோட்டத்துக்குத் தோட்டம் ஒயின் சுவைக்கற ஏற்பாடு எதையும் எதிர்பார்த்துப் போகாதீங்க. இங்க கிடைக்கறது பழமும் ஜூஸும். சுருளிப்பட்டி பக்கம் ரோட்டோரத் தோட்டங்கள்ல உள்ள விடறாங்க. கேட்டுட்டுப் போங்க, கையில எட்டுதேன்னு பறிக்காதீங்க, அது ஒருத்தரோட வருமானம். வாங்கினதைக் கழுவிட்டுச் சாப்பிடுங்க, மருந்து அடிச்சிருப்பாங்க.

பந்தலுக்குக் கீழ நின்னு நிமிர்ந்து பார்த்தா மேல வானமே தெரியலை, கறுப்புக் கொத்தா தொங்குது. மாமனார் அங்கேயே ஒரு கல் தூண்ல சாய்ஞ்சு உட்கார்ந்துட்டார், ஒரு மணி நேரம் எழுந்திருக்கலை. அந்தத் தோட்டக்காரர்கிட்ட பேசினப்போதான் எனக்கு வேற கணக்கு புரிஞ்சது. கல் தூணும் கம்பியும் போட்டுப் பந்தல் அமைக்கற செலவு முதல்லயே மொத்தமாப் போயிடுது. பழம் வர்றது அப்புறம். மழை தப்பான வாரத்துல வந்தா பழம் வெடிச்சுடும். "உங்களுக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துருதுல்ல?"ன்னு அவர் கேட்டார். நான் ஆடிட்டர்ங்க, எனக்கே வர்றதில்லைன்னேன்.

சுருளி அருவி அங்கிருந்து பக்கம். வனத்துறை நுழைவுக் கட்டணம் கட்டிட்டுக் கொஞ்ச தூரம் நடக்கணும். மழைக்காலத்துல வெள்ளம் வந்தா மூடிடுவாங்க, நவம்பர், டிசம்பர்ல போறவங்க காலைல போன் போட்டுக் கேட்டுட்டுப் போங்க. நாங்க போன அன்னைக்குக் குளிக்க விட்டாங்க.

மறுநாள் மேகமலை. சின்னமனூர்ல இருந்து தென்பழனி வழியா ஏறணும், 18 கொண்டை ஊசி வளைவு. வளைவுகளுக்குப் பூக்களோட பேர் வெச்சிருக்காங்க. மேல போனா டீ எஸ்டேட்டும் ஏரியும். 2021-ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். செக்போஸ்ட்ல சாயங்காலத்துக்கு மேல வண்டி விட மாட்டாங்க, பெட்ரோலைக் கீழேயே போட்டுக்கோங்க, கையில காசு வெச்சுக்கோங்க, ஜிபே அங்க சில சமயம் சுத்திக்கிட்டே இருக்கும்.

999 வருஷ வாடகை ஒப்பந்தம்

இது என் ஃபேவரிட் இடம், அதனால கொஞ்சம் பொறுத்துக்கோங்க. கூடலூர் தாண்டி மலையடிவாரத்துல லோயர் கேம்ப். அங்க கர்னல் பென்னிகுக் நினைவு மண்டபம் இருக்கு, 2013-ல திறந்தது. முல்லைப்பெரியாறு அணையைக் கட்டின பொறியாளர். 1895-ல அணை முடிஞ்சது. மேற்கே அரபிக்கடலுக்குப் போற தண்ணியை மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பிவிட்டாங்க. இந்தப் பள்ளத்தாக்கோட திராட்சை, நெல், வாழை எல்லாத்துக்கும் அடிப்படை அந்தத் தண்ணிதான். ஜனவரி 15 அவர் பிறந்த நாள், பொங்கலோட சேர்ந்து வரும். இங்க வீடுகள்ல அவர் படத்தை வெச்சுப் பொங்கல் வைக்கறாங்க.

ஆனா என்னை இழுத்தது ஒப்பந்தம். 1886 அக்டோபர் 29-ல திருவிதாங்கூரோட போட்ட குத்தகை, 999 வருஷத்துக்கு. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், ஆக 40,000 ரூபாய். வாடகையை ஏத்தற ஷரத்தே இல்லாம! 1970-லதான் ஏக்கருக்கு 30 ரூபாயா மாத்தினாங்க. நம்ம ஊர்ல 11 மாசத்துக்கு அக்ரிமென்ட் போட்டு, பன்னிரண்டாவது மாசம் "அஞ்சு பர்சன்ட் ஏத்திக்கலாமா சார்?"ன்னு ஹவுஸ் ஓனர் நிக்கறார். யார் பக்கம் இருந்து பார்க்கறோமோ அதைப் பொறுத்து இது உலகத்துலேயே சிறந்த அல்லது மோசமான வாடகை ஒப்பந்தம்.

லோயர் கேம்ப்ல இருந்து மலை ஏறினா குமுளி, அதை ஒட்டித் தேக்கடி. அங்க படகுல போற ஏரி வேற ஒண்ணுமில்லை, அதே அணை தேக்கி வெச்ச தண்ணிதான். காலை முதல் படகுல போனா கரையோரம் யானை பார்க்க வாய்ப்பு. எங்களுக்குக் காட்டுப்பன்னிதான் கிடைச்சது. லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு செல்ஃபி எடுக்கறவங்களைப் பார்த்தேன். 2009 செப்டம்பர் 30-ல இதே ஏரியில படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. போட்டுக்கோங்க. டெர்ம் இன்ஷூரன்ஸ் பத்தி நான் பேசறப்போ தூங்கிடறீங்க, இதையாவது கேளுங்க.

இப்போ ரசீதுகள்

நாலு பேருக்கு, நாலு நாள், மூணு ராத்திரி. ரயில் மூணாவது ஏசி போக வர 8,400. வண்டி 14,000. ரெண்டு ரூம், மூணு ராத்திரி 13,200. சாப்பாடு 9,000. படகு, நுழைவுக் கட்டணம் 2,600. திராட்சை, ஏலக்காய், டீத்தூள் 1,800. மொத்தம் 49,000. ஆளுக்கு ஒரு நாளைக்கு 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. தம்பியோட பிரான்ஸ் கணக்கு அஞ்சரை லட்சத்தை ரெண்டு பேர், எட்டு நாளால வகுத்தா ஆளுக்கு ஒரு நாளைக்கு 34,000-க்கு மேல.

என் கணவர் பழைய வரிமுறை, 30 சதவீத ஸ்லாப். அப்போ 49,000-க்கும் எல்டிஏ விலக்கு கிடைக்குமான்னா, இல்லவே இல்லை. எல்டிஏல பயணக் கட்டணம் மட்டும்தான் வரும். ரூம், சாப்பாடு, ஊருக்குள்ள சுத்தற வண்டி, படகு எதுவும் வராது. ஆக மிஞ்சறது ரயில் டிக்கெட் 8,400.

அதுலயும் கத்தரி இருக்கு. குடும்பம்னா கணவன் அல்லது மனைவி, குழந்தைகள் (1998 அக்டோபர் 1-க்கு அப்புறம் பிறந்தவங்கன்னா ரெண்டு பேர் வரை), அப்புறம் நம்மளை நம்பி இருக்கற அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க. மாமனாருக்கு பென்ஷன் வருது. அவரும், அவரை நம்பி இருக்கற மாமியாரும் என் கணவரைச் சார்ந்தவங்கன்னு எழுதிக் கொடுக்க முடியாது. மிஞ்சினது எங்க ரெண்டு பேர் டிக்கெட், 4,200. அதுக்கு செஸ்ஸோட சேர்த்து 31.2 சதவீதம். மிச்சமான வரி 1,310 ரூபாய்.

ஆமா, 49,000 செலவு பண்ணி 1,310. அதனால "வரி மிச்சம் பண்ண டூர் போறேன்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. போகணும்னு முடிவு பண்ணின பயணத்துல இருந்து கிடைக்கறதை விடாம எடுத்துக்கறது மட்டும்தான் எல்டிஏ. அதுக்காகப் பில் தேத்தறது, ட்ராவல்ஸ்ல "பில் மட்டும்" வாங்கறதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு பொறி. என்கிட்ட ரிட்டர்ன் போடற ஒருத்தர் சனி, ஞாயிறுல போயிட்டு வந்து டிக்கெட் கொடுத்தார். அவர் கம்பெனி நிராகரிச்சுடுச்சு. காரணம், லீவே போடலை. சட்டம் லீவுல போற பயணம்னுதான் சொல்லுது. வெள்ளி ராத்திரி போய் ஞாயிறு ராத்திரி திரும்பற திட்டம் கேட்க அழகா இருக்கும், எல்டிஏக்கு ஆபத்து. அதனாலதான் நாங்க புதன் கிளம்பினோம், என் கணவர் வியாழன், வெள்ளி ரெண்டு நாள் லீவு போட்டு, அந்த லீவ் அப்ரூவல் மெயிலையும் டிக்கெட்டோட சேர்த்துக் கொடுத்தார். கார்ல போறவங்க ஜாக்கிரதை, சொந்தக் கார் பெட்ரோல் பில்லைப் பல கம்பெனிகள் வாங்கறதில்லை. கணவன், மனைவி ரெண்டு பேரும் வேலைக்குப் போனா, ஒரே டிக்கெட்டை ரெண்டு கம்பெனியிலயும் கொடுக்கக் கூடாது.

அப்போ பிரான்ஸ்?

தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்த மாத்துக் கணக்கு இது. மாசம் 13,671 இஎம்ஐ கட்ட முடியும்னு அவரே சொல்லிட்டார். அதோட கிட்டத்தட்ட ரெண்டாயிரம் சேர்த்து, மாசம் 15,600 ஆர்டி. வட்டி 6.5 சதவீதம்னு வெச்சுக்கிட்டா 24 மாசத்துல 4 லட்சம் சேர்ந்துடும். அவர் கையில இருந்து போறது 3,74,400. லோன்ல போறது ஃபீஸோட சேர்த்து 5,01,596. வித்தியாசம் 1.27 லட்சம். ஆர்டி வட்டிக்கு வரி உண்டு, ரெண்டு வருஷத்துல டிக்கெட், யூரோ விலையும் ஏறலாம். அதனால முழுசா 1.27 லட்சமும் லாபம்னு நான் சொல்ல மாட்டேன். பாதி போனாலும், டிசிஎஸ்ஸுக்கும் விசாவுக்கும் கிரெடிட் கார்டைப் பார்க்க வேண்டியதில்லை.

"ரெண்டு வருஷம் ஆயிடும்க்கா"ன்னார். அவர் முகத்துல தெரிஞ்ச ஏமாற்றம் எனக்குப் புரிஞ்சது. வொய்ஃப்கிட்ட ஏற்கனவே சொல்லிட்டார் போல. கல்யாணமான புதுசுல ஹனிமூன் எங்கேயும் போகலை, அப்போ அப்பாவோட ஆஸ்பத்திரி செலவு. அப்பா இப்போ இல்லை. அம்மா இவங்களோடதான் இருக்காங்க. அதுக்குத்தான் இந்தப் பெரிய பயணம். இதை அவர் கடைசியாத்தான் சொன்னார், ஷீட்டை மூடினதுக்கப்புறம். முதல்லயே சொல்லியிருந்தா நான் இஎம்ஐ பத்தி அவ்வளவு கறாரா ஆரம்பிச்சிருக்க மாட்டேன்னு தோணுச்சு. கணக்கு என்னவோ அதேதான் வந்திருக்கும்.

வீட்டுக்குப் போய் மூணு பேரும் பேசியிருக்காங்க. அம்மாவுக்குத் தேனிப் பக்கம் தூரத்து சொந்தம் இருக்காம், இருபது வருஷமாப் பார்க்கலையாம். ஆர்டி ஆரம்பிச்சாச்சு, முதல் தவணை இந்த மாசம் போயிடுச்சு. பேங்க் போன் நம்பரை ப்ளாக் பண்ணிட்டேன்னு மெசேஜ் போட்டிருந்தார்.

டிசம்பர் 10, புதன் ராத்திரி ரயிலுக்கு மூணு டிக்கெட் போட்டிருக்கார். அம்மாவுக்கு வேற வருமானம் இல்லை, அதனால மூணும் எல்டிஏல வரும். வியாழன், வெள்ளி லீவு அப்ரூவ் ஆயிடுச்சு. டிக்கெட் மட்டும் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட் 9.